‘புக் மட்டும் பிறகு தாறன்’

மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவு வீதி பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கராச் இருக்கிறது. தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம். விலைக்கு வருகிற பழைய மோட்டார் சைக்கிள்கள் அந்த வேம்புக்குக் கீழேதான் நிற்கும். போன சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பெடியன் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். “சேர், நீங்கள் ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ, பிறகு காசு குடுப்பம்” என்றான்.

கறுப்பு டிஸ்கவர். பழசுதான், ஆனால் நன்றாக வைத்திருந்த சைக்கிள். பின் ரயர் புதுசு. ஒரு உதையில் பிடித்தது, புகை இல்லை. கராச்காரர் மண்ணெண்ணெய்த் துணியால் ஹேண்டில் கழுத்தைத் துடைத்தார். கிரீசும் செம்மண் புழுதியும் கரைந்து சேஸி இலக்கம் மெல்லத் தெரிந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து அழுத்திப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். கறுப்புக்கு நடுவில் எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வந்தன. விற்பவர் கொண்டுவந்த பதிவுப் புத்தகத்தின் போட்டோக்கொப்பியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டோம். சரியாக இருந்தது. எஞ்சின் இலக்கமும் சரி.

அதே போட்டோக்கொப்பியில் கொஞ்சம் கீழே, முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு நிதிக் கொம்பனியின் பெயர் இருந்தது. பெடியன் அதைக் கவனிக்கவில்லை. நான் விரலை வைத்துக் காட்டினேன்.

“அது ஒண்டுமில்லை ஐயா,” என்றார் விற்பவர். “புக்கை வைச்சு ஒரு லோன் எடுத்தனான். ரெண்டு மூண்டு கட்டுக்காசுதான் மிச்சம். ஓபின் பேப்பரில கையெழுத்து வைச்சுத் தாறன். தம்பி இண்டைக்கே கொண்டுபோய் ஓடட்டும். புக் மட்டும் பிறகு தாறன்.”

அவர் பொய் சொல்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை. இந்த ஒரு வசனத்தை நம்பி வன்னியில் எத்தனை பேர் எவ்வளவு காசு கொடுத்திருக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். நானும் கொடுத்தவன்.

மீள்குடியேறி மூன்று நான்கு வருசம் ஆகியிருந்த நேரம். பள்ளிக்கூடம் உள்ளுக்கு இருந்தது, பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அதைத் தவறவிட்டால் ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டு வீதியில் மைம்மல் நேரத்தில் யானைக்குப் பயந்துகொண்டு நடக்க வேண்டும். கையில் இருந்ததையும் மனைவியின் ஒரு சோடிக் காப்பு அடகு போன காசையும் சேர்த்து 185,000 ரூபாவுக்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். எனக்கு விற்றவர் கிளிநொச்சியில் இருந்தார். அவருக்கு விற்றவர் வவுனியாவில். புத்தகத்தில் பெயர் இருந்தவரோ மத்திய மாகாணத்தில் எங்கேயோ. எனக்குக் கிடைத்தது அவருடைய கையெழுத்து வைத்த, மற்ற இடமெல்லாம் வெறுமையாக விட்ட ஒரு படிவமும் அவருடைய அடையாள அட்டையின் போட்டோக்கொப்பியும். இரண்டும் நாலாக மடித்த மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தன. அந்தப் படிவத்தைப் பொலித்தீன் பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்தேன், காணி உறுதியை வைக்கிற மாதிரி.

ஒன்றரை வருசம் ஓடினேன். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தபோது கேற்றடியில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் கையில் கடிதம். சைக்கிளின் பேரில் எப்போதோ எடுத்த லீசிங் காசு கட்டப்படாமல் கிடந்திருக்கிறது. வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து நான் வாங்கின விலையைத் தாண்டியிருந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க, சாவியைக் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டோடு நடந்து வீட்டுக்கு வந்தேன். கிளிநொச்சிக்காரருக்கு எடுத்தேன். “எனக்கும் இப்பதான் தெரியும் சேர்” என்றார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அந்தக் காசில் ஒரு சதமும் திரும்பவில்லை. அடகில் இருந்த காப்பும் ஏலத்தில் போனது. அன்றிலிருந்து யார் பழைய சைக்கிள் வாங்கப் போனாலும் கூப்பிடாமலே நானும் போகிறேன்.

ஓபின் பேப்பர் என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுகிற சங்கதி என்ன? இலங்கையில் வாகனத்தின் உரிமை மாறுவதற்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. விற்றவர் தான் வாகனத்தைக் கைமாற்றியதாக மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் தன்னைப் புதிய உரிமையாளராகப் பதியச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். எம்.ரி.ஏ. 8, எம்.ரி.ஏ. 6 என்று தரகர்மார் இலக்கத்தாலேயே சொல்லுகிற படிவங்கள் இவைதான். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் இதற்குக் கிடைக்கிற அவகாசம் 14 நாள். அதைத் தாண்டினால் தண்டக் கட்டணம். ஆனால் நடக்கிறது வேறு. விற்பவர் கையெழுத்தை மட்டும் வைத்து, வாங்குபவரின் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுகிறார். வாங்கினவர் தன் பெயரை நிரப்பாமல் அதையே அடுத்தவருக்குக் கொடுக்கிறார். சைக்கிள் ஐந்து கை மாறும், புத்தகத்தில் முதல் ஆளே இருப்பார். நடுவில் வைத்திருந்த நாலு பேரும் அரசாங்கத்தின் கண்ணுக்கு இல்லாத மனிதர்கள்.

இதில் களவு நோக்கம் உள்ளவர்கள் குறைவு. மாற்றக் காசு மிச்சம், கொழும்புக்குப் போகிற அலைச்சல் மிச்சம், நாளைக்கு விற்கவும் லேசு என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். மாங்குளத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். ஒருநாள் கூலியை விட்டு, இரவு பஸ் ஏறி, நாரஹேன்பிட்டியில் விடிய முன்னம் வரிசையில் நின்று, சிங்களம் தெரிந்த ஒருவரைக் கெஞ்சி, ஒரு கடதாசி குறைகிறது என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொரு மாகாணத்துச் சைக்கிள் என்றால் முன்பு இலக்கத்தகட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. 2023 தொடக்கத்திலிருந்து மாகாண எழுத்துகளைக் கைவிட்டபடியால் அந்த ஒரு தலையிடி இல்லை. மற்ற அலைச்சலெல்லாம் அப்படியேதான்.

தூரத்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. கடதாசி இல்லாமல் சைக்கிள் ஓடுவது எங்களுக்கு வாழ்க்கையாக இருந்தது. 90களில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வன்னிக்குத் தங்கத்தைவிட அரிதாக வந்தது. கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்துக்கொண்டு, அதில் நாலு சொட்டைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்துப் பிடிக்க வைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். ஊரெல்லாம் வெள்ளைப் புகையும் மண்ணெண்ணெய் நெடியும். எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தவர் வீட்டில்தான் அவசரத்துக்குக் கதவு தட்டுவோம். பாம்பு கடித்தவரையும் பிள்ளைப்பேற்று வலியில் துடித்தவரையும் அந்தப் புகைக்குள்தான் ஏற்றிப் போனோம். அந்தக் காலத்தில் புத்தகம் எங்கே என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது தெற்கிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மூடினபோது கொழும்பில் பதிய வேண்டியவை எல்லாம் பதியாமலே நின்றுபோயின.

பிறகு நடந்ததை இந்த மண்ணில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. 2008 நவம்பரில் மாங்குளம் விழுந்தது. அதற்கு முன்பே ஊர் எழும்பிவிட்டது. சைக்கிளில் ஏற்ற முடிந்ததை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனோம். ஒரு மோட்டார் சைக்கிளில் நெல்மூட்டை, பாய், தையல் மெசின், முன்னால் பிள்ளை, பின்னால் ஆச்சி. பெற்றோல் முடிந்த பிறகு அதைத் தள்ளிக்கொண்டு போனோம். தள்ள முடியாத இடத்தில் விட்டோம். முள்ளிவாய்க்காலில் கடைசியாக மண்ணோடு மண்ணாகக் குவிந்து கிடந்த சைக்கிள்களின் படத்தை உலகம் பார்த்தது. அந்தக் குவியலுக்குள் எங்கள் ஒவ்வொருவருடைய சைக்கிளும் கிடந்தது. சீற்றுக்குக் கீழே பொலித்தீனில் சுற்றி வைத்த புத்தகமும் அதோடு போனது. மெனிக் பாம் முகாமில் எங்களிடம் இருந்தது உடுத்த உடுப்பும், சிலரிடம் அடையாள அட்டையும்தான். பிறகு உரிமையைக் காட்டினவர்களுக்குச் சில வாகனங்கள் திருப்பிக் கிடைத்தன. காட்டுவதற்குக் கடதாசி இருந்தால்தானே காட்டலாம்.

ஆகவே மீள்குடியேறின சனம் கையெழுத்து வைத்த ஒரு வெறும் படிவத்தையே பெரிய ஆதாரமாக எடுத்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை, காணிக்கு உறுதி இல்லை, அனுமதிப்பத்திரம் வரும் என்று சொன்ன காணியில்தான் வீடு. எல்லாமே ‘பிறகு வரும்’ என்ற நிலையில் இருந்தபோது சைக்கிளின் புத்தகமும் பிறகு வந்தால் என்ன என்ற மனநிலை எங்களுக்குள் ஊறிப்போனது. பல வருசத்துக்குப் பிறகும் அந்த ஊறல் போகவில்லை என்பதுதான் என் கவலை.

ஒலுமடுப் பக்கம் ஒரு அம்மா இருக்கிறார். அவருடைய வீட்டுத் தகரக் கொட்டிலுக்குள் ஒரு எம்.டி. 90 நிற்கிறது, பழைய சாரத்தால் மூடி. மகனுடையது. 2006இல் வீதி பூட்ட முன்னம் வவுனியாவில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தபடியால் அது தப்பியது. மகன் 2009இல் தப்பினாரா என்பது இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது. புத்தகத்தில் மகனுடைய பெயர்தான் இருக்கிறது. கஷ்டம் முற்றிய ஒரு மாதத்தில் அம்மா அதை விற்க யோசித்தார். பழைய யப்பான் எஞ்சின், கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். வந்த ஒருவர் ஓபின் பேப்பர் கேட்டார். பெயருக்குரியவர் இல்லையே என்றார் அம்மா. “அது பிரச்சினை இல்லை, அவற்றை கையெழுத்தை நான் வைக்கிறன்” என்றார் வந்தவர். அம்மா சாரத்தை இழுத்து மூடிவிட்டுச் சொன்னார்: “வேண்டாம். அவன் வந்து வைக்கட்டும்.”

சட்டப்படி செய்ய வேண்டுமென்றால் உரிமையாளர் இறந்துவிட்டார் என்று மரணச் சான்றிதழ் எடுத்து, வாரிசு என்று நிரூபித்து மாற்ற வேண்டும். எந்தத் தாய் அந்தச் சான்றிதழைக் கேட்டு வரிசையில் நிற்பாள்? 2016இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனவர் இறந்தார் என்று சொல்லாமலே குடும்பம் சில காரியங்களைப் பார்க்கலாம் என்பதற்காகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். அதையும் வாங்க மனம் ஒப்பாத தாய்மார் பலர். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய அவர்களுடைய போராட்டம் கேட்பது பதில். கடதாசி அவர்களுக்குப் பதில் ஆகாது. அந்தக் கொட்டிலுக்குள் நிற்கிற சைக்கிள் அப்படியே துருப்பிடிக்கிறது. உரிமை இழுபறியில் நிற்கிற வாகனங்கள் என்று திணைக்களம் எதையாவது எண்ணுமானால், இதையும் எண்ண வேண்டும்.

கடதாசி இல்லாத சைக்கிளின் கஷ்டம் 2022இல் ஊர் முழுவதுக்கும் தெரிந்தது. பெற்றோல் வரிசை நீண்டு, எரிபொருளுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தது. வாகன இலக்கம், சேஸி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் கொடுத்துப் பதிய வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் கிழமைக்கு 4 லீற்றர். எங்கள் பள்ளிக்கூடத்து இளம் ஆசிரியர் ஒருவர் பதியப் போனபோது அந்த இலக்கம் ஏற்கெனவே பதிந்தாயிற்று என்று வந்தது. சைக்கிளை எப்போதோ விற்றுவிட்ட பழைய உரிமையாளர் இன்னொரு ஊரில் இருந்து அந்தச் சைக்கிளின் பேரில் தன் பங்குப் பெற்றோலை எடுத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் பெயர் அவருடையதுதானே, யாரிடம் போய் முறையிடுவது? 2023 செப்டெம்பரில் அந்த முறையை நிறுத்தும்வரை ஆசிரியர் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி ஓடினார். மண்ணெண்ணெய்க் காலத்தைப் பார்த்த எனக்கு அது இரண்டு தரம் வலித்தது. 90களில் தடை வெளியிலிருந்து வந்தது. இந்தத் தடையை நாங்களே பொலித்தீன் பைக்குள் வைத்துப் பூட்டியிருந்தோம்.

அதே காலத்தில்தான் பழைய சைக்கிளின் விலையும் ஏறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரி 1. இடையில் ஏறக்குறைய ஐந்து வருசம் புதுச் சைக்கிள் வருவதே இல்லை என்றாகிவிட்டது. பழசு வாங்கினவர் வாங்கின விலையைவிடக் கூட்டி விற்கலாம் என்ற புதினமான நிலை. காசு இல்லாத குடும்பங்கள் சைக்கிள் புத்தகத்தை நிதிக் கொம்பனியில் வைத்துக் கடன் எடுக்கிற பழக்கமும் அதோடு பெருகியது. இப்போது வேம்புக்குக் கீழே நிற்கிற சைக்கிள்களில் ‘புக் பிறகு’ என்று சொல்லப்படுகிறவை பெரும்பாலும் இந்த வகை. பத்து வருசத்துக்கு முன்பு படிவம் வெறுமையாக இருந்தது, இப்போது படிவத்துக்கு மேல் கடனும் இருக்கிறது.

கடன் இருக்கிற சைக்கிளின் சட்டநிலை எளிமையானது, கொடூரமானதும்கூட. முழு உரிமையாளர் என்று புத்தகத்தில் இருப்பது கொம்பனி. ஓடுகிறவர் பதிவு உரிமையாளர் மட்டும். 1896இல் இருந்து இங்கே இருக்கிற பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை, தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது என்பது. வேப்பமரத்தடியில் எண்ணிக் கொடுத்த காசும், நல்ல மனதோடு வாங்கினேன் என்ற வாக்குமூலமும் அந்த இடத்தில் எடுபடாது. கட்டுக்காசு நின்றால் கொம்பனி வந்து எடுக்கும். காசு கொடுத்த நீங்கள் அவர்களுக்கு யாரோ ஒரு ஆள்.

விபத்து நடந்தால் இன்னும் மோசம். சைக்கிளுக்குக் காப்புறுதி கட்டாயம், அது புத்தகத்துக்காரரின் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். வாகனம் கைமாறின விசயமே தெரியாத காப்புறுதிக் கொம்பனி, விபத்துக்குப் பிறகு தெரியவந்ததும் கேள்வி கேட்கத் தொடங்கும். அடிபட்டவர் வீட்டில் பட்டினி, ஓடினவர் வீட்டில் வழக்கு, எப்போதோ விற்றுவிட்டு மறந்துபோன முதல் ஆளின் வீட்டுக்கு அழைப்பாணை. சைக்கிளில் முதிரைக் குற்றியோ கசிப்போ ஏற்றிப் பிடிபட்டாலும் பொலிஸ் முதலில் தேடுவது புத்தகத்தில் இருக்கிறவரைத்தான். விற்றவருக்கும் ஆபத்து என்பதை இங்கே யாரும் யோசிப்பதில்லை. காசு கைக்கு வந்துவிட்டால் தன் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறோம்.

இந்தியாவில் இதே சிக்கல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2007இல் ஒருவர் தன் காரை விற்றார். அது பின்னர் இன்னும் சில கை மாறியது. பதிவேட்டில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2009 மே மாதம் அந்தக் கார் மோதி உயிர் போனது. நட்டஈடு யார் கட்டுவது என்று விற்றவர்களுக்கும் வாங்கினவர்களுக்கும் இடையில் வருசக்கணக்காக வழக்கு இழுபட்டது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற அந்த வழக்கில் 2018 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவரே பொறுப்பு. அடிபட்டவர்கள் ஓபின் பேப்பர் போன வழியெல்லாம் தேடிக்கொண்டு திரிய முடியாது என்பதே நீதிமன்றத்தின் நியாயம். எங்கள் நாட்டுச் சட்டம் வேறு. ஆனால் அந்த நியாயம் எனக்குச் சரியாகவே படுகிறது. சாலையில் அடிபட்டுக் கிடக்கிறவர், பெயரில்லாத உரிமையாளரை எங்கே போய்த் தேடுவார்?

இதை எல்லாம் கேட்டுவிட்டுப் பெடியன், “அப்ப வாங்க வேண்டாமோ சேர்?” என்றான். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு வேலை கனகராயன்குளத்தில், சைக்கிள் இல்லாமல் முடியாது. புதுசு வாங்க வழியில்லை. காசு போகிற வழியை மட்டும் மாற்று என்றேன்.

முதலில், அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் வாகனத்தின் பதிவு விபரம் வரும். எஞ்சின் இலக்கத்தையும், முழு உரிமையாளர் என்று யாருடைய பெயர் கிடக்கிறது என்பதையும் அதிலேயே பார்க்கலாம். போட்டோக்கொப்பியை நம்பாதே, அது எந்த வருசத்தில் எடுத்தது என்று யாருக்குத் தெரியும். அடுத்தது, விற்பவர் கையில் காசைக் கொடுக்காதே. அவரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கொம்பனியின் கிளைக்குப் போ. மிச்சம் எவ்வளவு என்று அவர்கள் வாயால், எழுத்தில் கேள். அந்தத் தொகையை அவருடைய கணக்குக்கு நீயே அங்கே கட்டு, பற்றுச்சீட்டை நீ வைத்துக்கொள். கடன் முடிந்த கடிதமும் உரிமை நீக்கப் படிவமும் வந்து, புத்தகம் கையில் கிடைத்த பிறகு மிச்சக் காசு. அதுவரை சைக்கிள் கராச்சில் நிற்கட்டும். விற்பவரின் பெயரே புத்தகத்தில் இல்லையென்றால், புத்தகத்துக்காரரைக் கண்ணால் காணாமல் ஒரு சதமும் வேண்டாம். வாங்கின அன்றே படிவத்தில் உன் பெயரை நிரப்பு. வெறுமையாக இருக்கிற அந்த இடம்தான் எல்லாக் கேட்டுக்கும் வழி.

இவ்வளவையும் ஒரு கூலிக்காரனின் பிள்ளை தனியாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமில்லை. ஆகவேதான் மிச்சத்தை அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் வன்னியில் நடமாடும் சேவை நடத்தினார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டு, கிராம அலுவலரும் பதிவாளரும் ஒரே வரிசையில் இருந்து, ஒரு நாளிலேயே நூற்றுக்கணக்கானவர்களின் காரியத்தை முடித்ததை நான் பார்த்தவன். வாகன உரிமை மாற்றத்துக்கும் அதையே செய்யலாம். தெற்கு வடக்காக ஏ9, கிழக்கே முல்லைத்தீவு வீதி, மேற்கே மல்லாவி, துணுக்காய் வீதி, அதோடு புகையிரத நிலையமும். நாலு திசைச் சனமும் வந்து சேர மாங்குளத்தைவிட வசதியான இடம் எது? மாதத்தில் ஒரு நாள் போதும். விற்றவரும் வாங்கினவரும் நேரில் வந்தால் அங்கேயே பதிந்து கொடுக்கட்டும். பல வருசமாக ஓபின் பேப்பரில் ஓடுகிறவர்கள் பயந்து ஒளிக்காமல் வெளியே வர, ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத் தாமதத் தண்டத்தைத் தள்ளுபடி செய்யட்டும். படிவம் தமிழில், விளக்கமும் தமிழில்.

நிதிக் கொம்பனிகளுக்கு மத்திய வங்கி ஒரு கெடு வைக்கட்டும். கடைசிக் கட்டுக்காசு கட்டின பிறகு, கடதாசி தலைமை அலுவலகத்திலிருந்து வர வேண்டும் என்று சொல்லி ஒருவரை மாதக்கணக்கில் அலைய வைக்கக் கூடாது. காசு வாங்கின கிளையே கடிதத்தையும் கொடுக்கட்டும். அறவிட ஆள் அனுப்ப வழி தெரிந்த கொம்பனிக்குப் புத்தகத்தை அனுப்பவும் வழி தெரிய வேண்டும்.

ஒலுமடு அம்மாவுக்கும் ஒரு வழி வேண்டும். மகன் இறந்துவிட்டான் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லாமல், காணாமற்போனவரின் குடும்பம் அந்த வாகனத்தைச் சட்டப்படி ஓடவோ விற்கவோ கூடிய ஒழுங்கு. வாகனம் சின்ன விசயம் என்று யாராவது சொன்னால், அந்தக் கொட்டிலுக்குள் வந்து சாரத்தை விலக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஹேண்டிலில் மகன் கட்டின பிளாஸ்ரிக் பூ இன்னும் இருக்கிறது.

திங்கட்கிழமை பெடியனும் விற்பவரும் காலை பஸ்ஸில் வவுனியாவில் இருக்கிற கொம்பனிக் கிளைக்குப் போனார்கள். நானும் போனேன். விற்பவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார், மனைவியின் கைப்பை ஒன்றோடு. அதற்குள் றப்பர் பாண்ட் போட்டுக் கட்டின பற்றுச்சீட்டுக் கட்டு, சிலதில் மை மங்கி எழுத்தே தெரியவில்லை. கவுன்டரில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு, மிச்சம் ஏழு கட்டுக்காசு, தாமதக் கட்டணம் தனி என்றார். விற்பவர் இரண்டு மூன்று என்றுதான் நம்பியிருந்திருக்கிறார். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சங்கடமாக இருந்தது. இரண்டு வருசத்துக்கு முந்திய வெள்ளத்தில் வயல் அழிந்த போகத்தில் தவறின கட்டுக்காசுகள் அவை. நாங்கள் மூன்று பேரும் அங்கேயே கதிரையில் இருந்து பற்றுச்சீட்டுகளை மாத ஒழுங்கில் அடுக்கினோம். இரண்டு சீட்டுகள் கணக்கில் ஏறாமல் விடுபட்டிருந்தன. பிள்ளை எழும்பிப் போய் மேலாளரைக் கூட்டிவந்து சரிபார்த்தார். மிச்சம் ஐந்து ஆனது. பெடியன் அந்தத் தொகையை அங்கேயே கட்டினான். பற்றுச்சீட்டில் யாருடைய காசு என்று எழுதச் சொன்னான், எழுதிக் கொடுத்தார்கள்.

வரும் வழியில் விற்பவர் சொன்னார், “நான் இந்தக் கணக்கை ஒருநாளும் இப்பிடிப் பாத்ததில்லை ஐயா.”

சைக்கிள் இன்னும் வேம்புக்குக் கீழேதான் நிற்கிறது. இங்கே சைக்கிள் வாங்கினால் முதல் ஓட்டம் முறிகண்டிக்குத்தான். பிள்ளையாருக்கு முன்னால் நிற்பாட்டித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் திரும்புவோம். நேற்றும் கராச்காரர், “தம்பி, ஒருக்கால் முறிகண்டிக்குக் கொண்டுபோட்டு வாவன், சும்மா நிக்குது” என்று சாவியை நீட்டியிருக்கிறார். புத்தகம் வந்த பிறகு போகலாம் அண்ணை என்று அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான்.